ஓடிபி வாத்தியார் போனுக்கு வரும்

தெங் சூலியானுக்கு வாய் நீளம் என்று சொல்கிறவர்கள் எங்கள் தெருவில் நாலைந்து பேர் இருக்கிறார்கள். என் கடையிலேயே உட்கார்ந்து, என் அரிசி நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே சொல்வார்கள். நான் கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பேன். "உங்க பிள்ளைக்குக் காலேஜ் லிஸ்ட் போட்டது யாரு கடையில?" அதற்கு மேல் உறிஞ்சுகிற சத்தம் மட்டும்தான் வரும்.

அவள் கடை என் கடைக்கு அடுத்த கதவு. யாவ்தியன் இரண்டாம் மேல்நிலைப் பள்ளியின் பெரிய வாசலுக்கு நேர் எதிரே. இரண்டு நகல் இயந்திரம், ஒரு பழைய கம்ப்யூட்டர், பின்னால் பேனர் அடிக்கிற நீளமான மெஷின். இருபது வயதில் கடற்கரைப் பக்கம் போய் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் காலர் தைத்தாள். திரும்பி வரும்போது பேருந்தின் கூரையில் ஒரு பழைய நகல் இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து இங்கேதான். புருஷன் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருப்பார். அந்த நாலு நாளும் சண்டை போடுவதற்கே சரியாக இருக்கும் என்பாள்.

வருஷம் முழுக்க வினாத்தாளும் அடையாள அட்டை நகலும் ஓடும். ஜூன் மாதக் கடைசியில் கடை வேறு மாதிரி ஆகிவிடும். காவ்காவ் என்கிற கல்லூரி நுழைவுத் தேர்வின் மதிப்பெண் வந்ததும் மாகாணத்தின் வெப்சைட் சில நாட்களுக்குத் திறக்கும். எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு, முதலில் எது, அடுத்து எது என்று பட்டியல் போட்டு, பிள்ளைகளே அதில் ஏற்ற வேண்டும். மலை மேலிருந்து வருகிற பிள்ளைகள் வீட்டில் கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது? அப்பாவும் அம்மாவும் எங்கோ ஒரு கடலோர நகரத்தில் செங்கல் சுமந்துகொண்டிருப்பார்கள். பன்னிரண்டு வருஷம் முதுகு வளைந்து படித்த படிப்பு, ஐந்து நாளில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் போய் நிற்கும்.

இதை வைத்துப் பிழைக்கிற கூட்டத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போனைத் திறந்தால் விளம்பரம். மார்க்கைப் போடு, பச்சை காட்டினால் கிடைக்கும், மஞ்சள் காட்டினால் கிடைக்கலாம், சிவப்பு காட்டினால் கிடைக்காது. இதற்கு முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு யுவான். அதற்கு மேல் கோட்டு சூட்டு போட்ட ஒரு 'நிபுணர்' எங்கள் ஊர் ஹோட்டலில் அறை எடுத்து உட்கார்ந்து எட்டாயிரம் வாங்கினான். அவனுக்கு யாவ்தியன் எந்தத் திசையில் இருக்கிறதென்றே தெரியாது. தெங் அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார இருபது யுவான் வாங்குவாள், அச்செடுக்கிற தாளுக்கு ஒரு யுவான். கடந்த மூன்று வருஷத்து சேர்க்கை எண்களை எல்லாம் தன் கையால் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறாள். பச்சை மஞ்சள் எதுவும் கிடையாது, வெறும் எண்.

அவளுக்கு என்று ஒரு முறை உண்டு. பட்டியலை ஏற்றியதும், "படி. சத்தமாப் படி" என்பாள். பிள்ளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிக்க வேண்டும். கூட வந்த அப்பனுக்குப் புரிகிறதோ இல்லையோ, கேட்க வேண்டும். அப்புறம்தான் 'சமர்ப்பி'. உடனே இரண்டு தாள் அச்செடுத்து, இரண்டிலும் சிவப்பு மையில் கட்டைவிரலைப் பதிக்கச் சொல்வாள். ஒன்று பிள்ளைக்கு, ஒன்று அவள் பெட்டிக்கு. அதோடு விட மாட்டாள். வெப்சைட் மூடுகிற கடைசி நாள் மத்தியானம் எல்லாரும் மறுபடி வந்து, பக்கத்தைத் திறந்து, தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

"ஏங்க்கா, ஒரு தடவை போட்டாச்சு, அது என்ன கால் முளைச்சு ஓடியா போயிடும்?" என்று நானே கிண்டல் பண்ணியிருக்கிறேன்.

"ஓடும்டி" என்பாள். "எனக்கு ஓடியிருக்கு."

அது அவள் மகள் ரான்ரான் கதை. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கம்ப்யூட்டரில் மகளுக்குப் பட்டியல் போட்டாள். எல்லாம் சரி. 'சேமி'யை அழுத்தினாள். 'சமர்ப்பி'யை அழுத்தவில்லை. நல்ல மார்க் வாங்கிய பிள்ளைக்கு எந்தக் கல்லூரியும் இல்லாமல் போனது. அடுத்த வருஷம் திரும்ப எழுத மாட்டேன் என்று ரான்ரான் தெற்கே போய்விட்டாள். இப்போது போன் கடையில் மேனேஜர், நல்ல சம்பளம்தான். ஆனாலும் புத்தாண்டுக்கு வரும்போதெல்லாம் அம்மா காசு வைத்த சிவப்பு உறையை நீட்டினால், "சேவ் மட்டும் பண்ணினியா, இல்ல சப்மிட்டும் பண்ணினியா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவாள். எல்லாரும் சிரிப்போம். தெங் அக்காவும் சிரிப்பாள், சிரித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

போன வருஷம் அந்த வரிசையில் வந்தவள்தான் யின் ஷுவாங். இரண்டு மணி நேரம் பேருந்தில் மேலே போனால் வருகிற ஊர். ஒடிசலான பெண். பள்ளி விடுதியில் மூன்று வருஷம் இருந்தவள் என்பதால் என் கடைக்கும் பழக்கம், ஊறுகாய் மிளகாயை இரண்டு கரண்டி கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வாள். அவளுக்குப் பதினைந்து வயதிருக்கும்போது அப்பா பன்றிக் கொட்டகை ஓட்டைச் சரிசெய்யப் போய் மேலிருந்து விழுந்துவிட்டார். ஊர் மருத்துவமனையில் பூட்டு தொங்கியது, இருந்த ஒரே டாக்டர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். இந்தப் பெண்தான் இரண்டு விறகுக்கட்டையை வைத்து அப்பாவின் ஒடிந்த காலைக் கட்டி, வண்டி பிடித்து நகரத்துக்குக் கொண்டுவந்தாள். அங்கே எலும்பு டாக்டர் கட்டைப் பார்த்துவிட்டு, யார் கட்டியது என்று கேட்டாராம். டாக்டருக்குத்தான் படிப்பது என்று அன்றைக்கே அவள் முடிவு பண்ணிவிட்டாள்.

அவள் வாங்கியது எழுநூற்று ஐம்பதுக்கு அறுநூற்று நாலு. எங்கள் மாவட்டத்துக்கு என்றே அரசாங்கச் செலவில் டாக்டர் படிப்பு ஒன்று உண்டு. ஐந்து வருஷம் படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம். முடித்ததும் ஆறு வருஷம் சொந்த ஊர் மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும். இரண்டே இடம். அவள் மார்க்குக்கு அது கிடைத்த மாதிரிதான். ஆனால் அது முன்சுற்றில் வரும். முன்சுற்று தனியாக மூடும், பொதுச்சுற்று சில நாள் கழித்து மூடும். முன்சுற்றில் இடம் கிடைத்தவர்கள் பெயர் பொதுச்சுற்றுக்குப் போகவே போகாது. இது ஒன்றைத்தான் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், வந்த வம்பெல்லாம் இதனால்தான்.

சமர்ப்பிக்கும்போது பதிவு செய்த நம்பருக்கு ஓடிபி போனது. "நம்பர் உன்னோடதா?" என்று தெங் அக்கா கேட்டாள்.

"இல்ல அத்தை, காங் சாரோடது" என்றாள் யின் ஷுவாங். சாருக்குப் போன் போட்டாள். அவரும் சிரித்த குரலில் ஆறு எண்ணைப் படித்தார். வேலை முடிந்தது. சிவப்பு ரேகை வைத்துவிட்டு என் கடைக்கு வந்து நூடுல்ஸ் தின்றாள்.

காங் சார் அவளுடைய வகுப்பாசிரியர். விடுதிப் பிள்ளைகள் போன் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பள்ளியின் சட்டம். நவம்பரில் தேர்வுக்குப் பதிவு செய்கிற அன்றைக்கு அவர் கம்ப்யூட்டர் அறையில் நின்றுகொண்டு, "உங்க அப்பா சாரத்து மேல நின்னு பூசிட்டு இருப்பாரு, ஓடிபி வந்தா பார்ப்பாரா? என் நம்பரைப் போடுங்க. நான் எங்கேயும் ஓடிப் போயிட மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே போட்டிருக்கிறார்கள். மறந்துபோகாமல் இருக்க பாஸ்வேர்டும் எல்லாருக்கும் ஒரே மாதிரி, வகுப்பு எண்ணும் அடையாள அட்டையின் கடைசி ஆறு எண்ணும். எங்கள் ஊரில் இது பல வருஷப் பழக்கம். வாத்தியார் எவ்வளவு பொறுப்பு பார் என்று பெற்றவர்கள் முட்டை கொண்டுபோய்க் கொடுப்பார்கள். யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

முன்சுற்று மூடுகிற கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு மூடிவிடும். மத்தியானம் மூன்று மணிக்கு யின் ஷுவாங் தெங் அக்கா கடைக்கு வந்தாள். வெயிலுக்கு என் கடையில் ஈ கூட இல்லை, நானும் அங்கேதான் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெட்டியிலிருந்து ரேகைத் தாளை எடுத்து விரித்தாள் அக்கா. பக்கம் திறந்தது. முன்சுற்று காலியாக இருந்தது.

"வேற ஆளோடதைத் திறந்துட்டியா?" என்றாள் அக்கா.

"என் பேர்தான் அத்தை."

மொத்தமே மூன்று தடவைதான் சமர்ப்பிக்க முடியும். கீழே பார்த்தோம். 'சமர்ப்பித்தது: மூன்றில் இரண்டு முறை. நேற்று மாலை 6:40.' பொதுச்சுற்றின் முதல் வரியில் கிழக்கே இருக்கிற ஒரு பெரிய பெயருள்ள பல்கலைக்கழகம். படிப்பு, பட்டுப்புழு வளர்ப்பு.

நான் இரண்டு தடவை படித்தேன். பட்டுப்புழு! அப்பன் காலைக் கட்டி உயிரைப் பிடித்து வைத்த பெண்ணுக்குப் பட்டுப்புழு. யின் ஷுவாங் தாளையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். காது மட்டும் சிவந்துபோனது.

"நான் இதைப் போடல அத்தை."

"நீ போடலன்னு எனக்குத் தெரியும்டி. உன் ரேகை இங்க இருக்கு" என்றாள் அக்கா. "ஓடிபி இல்லாம மாத்த முடியாது. ஓடிபி யாரு போனுக்கு வரும்?"

அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? பெரிய பெயருள்ள பல்கலைக்கழகத்துக்கு எத்தனை பேர் போனார்கள் என்பதைத்தான் பள்ளி வாசலில் பேனர் கட்டிக் காட்டுவார்கள். அந்தப் பேனரை வருஷா வருஷம் அடித்துக் கொடுப்பவளே தெங் அக்காதான். எத்தனை பெயரோ அத்தனை பரிசுப் பணம் வகுப்பாசிரியருக்கு. எந்தப் படிப்பு என்பது பேனரில் வராது. அதற்கு முந்தின வருஷம் இரண்டு பேர், அந்த வருஷம் மூன்று வேண்டுமாம். டாக்டர் படிப்பு எந்தக் கணக்கிலும் சேராது, அதனால்தான் முன்சுற்றை அழித்திருக்கிறார்.

சாருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. யின் ஷுவாங் மறுபடி போட்டாள். மூன்றாவது தடவை எடுத்தார், பின்னால் ஒரே கூச்சல், கோப்பை மோதுகிற சத்தம்.

"யின் ஷுவாங்கா? சார் விருந்துல இருக்கேன்மா, அப்புறம் பேசறேன்."

"சார், என் முன்சுற்றை யாரோ அழிச்சிருக்காங்க."

"உன் நல்லதுக்குத்தாம்மா. அந்தப் பல்கலைக்கழகத்துப் பேரு ஒன்னு போதும், ஜென்மத்துக்கும் சோறு போடும். மலைக்காட்டுல போய் ஊசி குத்தவா நீ இவ்வளவு படிச்ச? பெத்தவங்களுக்கு விவரம் பத்தாது, நான்தானே பார்க்கணும்." வைத்துவிட்டார். அதன் பிறகு எடுக்கவே இல்லை.

விவரம் பத்தாதாம்! மூன்று வருஷம் அந்த விவரம் பத்தாதவன் பூச்சு பூசித்தான் இவர் பள்ளிக்குக் கட்டணம் வந்தது. யின் ஷுவாங் அப்பாவுக்கு வீடியோவில் கூப்பிட்டாள். தலையில் சிமெண்டுத் தூசியோடு அவர் முகம் வந்தது. மகள் சொல்லச் சொல்லக் கேட்டார். "சாரைக் கோவிச்சுக்காதம்மா" என்றார் முதலில். அப்புறம் பூச்சுக் கரண்டியைக் கீழே வைத்தார். "நீ எதைப் போட்ட?"

"டாக்டருக்கு, அப்பா."

"அப்ப அதையே போடு. சார்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லு."

மணி மூன்றே முக்கால். தெங் அக்கா ரேகைத் தாளை மடித்துச் சட்டைக்குள் செருகினாள். "எந்த ஹோட்டல்?"

ஜூன் கடைசியில் விருந்து என்றால் எந்த விருந்து என்று கேட்கவே வேண்டாம். நல்ல மார்க் எடுத்த பிள்ளை வீட்டார் வாத்தியாருக்கு நன்றி சொல்கிற விருந்து. அன்றைக்குப் பன்றிக்கறிக் கடை ஹௌ அம்மா வீட்டு விருந்து, அவள் மகளும் அதே வகுப்பு. காலையில் என்னிடம்தான் ஊறுகாய் மிளகாய் இரண்டு ஜாடி வாங்கிப் போனாள். ஃபுலோங் ஹோட்டல், இரண்டாவது மாடி.

மூன்று பேரும் அக்காவின் மின்சார ஸ்கூட்டரில் ஏறினோம். கடைக்கு ஷட்டர் போட்டாளா என்று இன்றைக்கும் அவளுக்கு நினைவில்லை. மேலே போனால் எட்டு மேசை, நடு மேசையில் காங் சார், முகம் வேகவைத்த நண்டு நிறத்தில். தட்டில் பாதி மீன். பக்கத்தில் அவர் போன், குப்புறக் கிடந்தது.

"அட, தெங் அக்காவா! உட்காருங்க, ஒரு கோப்பை" என்று எழுந்தார்.

"குடிக்க வரல சார்" என்றாள் அக்கா. "ஓடிபி வாங்க வந்தேன்."

ஹௌ அம்மா முதலில் முறைத்தாள். விருந்து வீட்டில் வந்து கலாட்டா பண்ணினால் யாருக்குத்தான் பிடிக்கும்? பெரிய உடம்பு, பெரிய குரல். "ஏய் தெங், இன்னிக்கு என் பொண்ணு நாளு. உன் சண்டையை நாளைக்கு வச்சுக்க."

"நாளைக்கு வெப்சைட் மூடியிருக்கும்" என்றாள் அக்கா. தாளை எடுத்து மேசை மேல், மீனுக்குப் பக்கத்தில் விரித்தாள். "இது இந்தப் பொண்ணு போட்டது, ரேகையோட. நேத்து சாயங்காலம் ஆறு நாற்பதுக்கு அது மாறியிருக்கு. ஓடிபி இவர் போனுக்கு வந்திருக்கு."

காங் சார் சிரிக்கப் பார்த்தார். "பிள்ளைங்க எதிர்காலத்துக்கு நாங்க பாடுபடறோம், இவங்க நகல் எடுக்கறவங்க, இவங்களுக்கு என்ன தெரியும்? பெரிய பல்கலைக்கழகம் கையில வந்து நிக்குது, வேண்டாம்னு சொல்ற பொண்ணைப் பார்த்துட்டுச் சும்மா இருக்கச் சொல்றீங்களா?"

இரண்டு மேசையில் தலையாட்டினார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு மீன் தட்டைத் தூக்கி வீசியிருப்பேன். தெங் அக்கா வீசவில்லை. சுற்றிலும் பார்த்தாள். "சரி. நான் நகல் எடுக்கறவதான். உங்களை எல்லாம் ஒன்னு கேட்கறேன். உங்க பிள்ளை பதிவுல இருக்கற போன் நம்பர் யாரோடது? இப்பவே கேளுங்க, பிள்ளை பக்கத்துலதான உட்கார்ந்திருக்கு."

பிள்ளைகள் மெதுவாகப் பேசினார்கள். "சாரோடதும்மா." "சார் நம்பர்தான்." "எல்லாரும் அதைத்தான் போட்டோம்." ஹௌ அம்மா மகள் பக்கம் திரும்பினாள். மகள் தட்டைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

ஹௌ அம்மா முகம் மாறியதை நான் பார்த்தேன். வியாபாரம் பண்ணுகிறவள், தன் சாவி இன்னொருவன் பையில் இருந்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "சார்" என்றாள், குரல் மெல்லியதாகிவிட்டது. "என் பொண்ணோடதையும் திறந்து பார்த்தீங்களா?"

"அது வந்து, எல்லாருக்கும் ஒரு தடவை சரிபார்க்கறது வாத்தியாரோட கடமை..."

"பார்த்தீங்களா, தொட்டீங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் யின் ஷுவாங் முன்னால் வந்தாள். கையை நீட்டினாள். "சார், உங்க போனைக் குடுங்க."

"இது என் சொந்த போன்மா."

"அது என் சொந்தப் படிப்பு சார்."

அவர் போனை எடுத்துப் பாக்கெட்டில் போடப் போனார். ஹௌ அம்மாவின் கை அதற்கு முன்னால் அங்கே இருந்தது. எலும்பை ஒரே வெட்டில் வெட்டுகிற கை, அதிலிருந்து அவர் என்ன பிடுங்க முடியும்? "கீழே ரிசப்ஷன்ல கம்ப்யூட்டர் இருக்கு, வாங்கடி" என்று படியிறங்கினாள். மொத்த விருந்தும் அவள் பின்னால் இறங்கியது. காங் சாரும் இறங்கினார், வேறு என்ன செய்வார்?

ரிசப்ஷன் பெண் பயந்துபோய் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். மணி நாலே கால். வெப்சைட் நகரவே இல்லை, மாகாணம் முழுக்கக் கடைசி நேரத்தில் முட்டிக்கொண்டிருந்தார்கள். வட்டம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. நாலு இருபத்தெட்டுக்குப் பக்கம் வந்தது. மூன்றாவது தடவை, இதுதான் கடைசி. இதில் ஒரு எண் பிசகினாலும் அவ்வளவுதான். யின் ஷுவாங் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாக ஏற்றினாள்.

"படி" என்றாள் தெங் அக்கா. "சத்தமா."

அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் அந்தப் பெண் முதல் வரியிலிருந்து படித்தாள். கல்லூரி எண், படிப்பு எண், மாவட்டத்தின் பெயர். அக்கா தாளில் விரலை வைத்துக்கொண்டே வந்தாள். 'சமர்ப்பி'. ஹௌ அம்மா கையில் காங் சாரின் போன் அதிர்ந்தது. அவள் ஆறு எண்ணையும் சந்தையில் விலை கூவுகிற மாதிரிக் கூவினாள். நாலு நாற்பத்தொன்று. 'சமர்ப்பிக்கப்பட்டது. மூன்றில் மூன்று முறை.' தெங் அக்கா அந்த வரியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சமர்ப்பித்தோமா, சேமித்தோமா என்று என்னை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். நான் இரண்டு தடவையும் படித்தேன். அப்புறம்தான் அவள் அங்கிருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஹௌ அம்மா நகரவில்லை. "இப்ப என் பொண்ணோடதைத் திற" என்றாள். அதற்குப் பின்னால் பெற்றவர்கள் வரிசை கட்டி நின்றார்கள். அன்றைக்கு அங்கேயே இன்னும் இரண்டு பிள்ளைகளுடைய பட்டியல் மாறியிருந்தது தெரிந்தது. இரண்டும் பொதுச்சுற்று, திருத்திக்கொள்ள நாள் இருந்தது. இரண்டு வீட்டாரும் அவருக்கு முட்டை கொண்டுபோய்க் கொடுத்தவர்கள்தான்.

யின் ஷுவாங்குக்கு இடம் கிடைத்துவிட்டது. ஜூலை நடுவில் கடிதம் வந்தது. இதோடு கதை முடிந்தது என்றால் நான் ஏன் இன்னும் இப்படிக் கொதிக்கிறேன்? கல்வி அலுவலகத்துக்கு ஏழு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். ஆசிரியர் ஆர்வக் கோளாறில் செய்துவிட்டார், அறிவுரை கூறப்பட்டது என்று ஒரு பக்கம் பதில் வந்தது. ஆர்வக் கோளாறாம்! நான் என் நூடுல்ஸில் ஒரு ஈயைப் போட்டால் கடையை மூடுவார்கள்.

ஆகஸ்டில் பள்ளி அலுவலகத்திலிருந்து ஒரு கிளார்க் பேனருக்கு வந்தான். அவ்வளவு நீளத்துக்கு அடிக்கிற மெஷின் ஊரில் அக்காவிடம் மட்டும்தான். அவன் கொண்டுவந்த தாளை அவள் படித்தாள். பெரிய பல்கலைக்கழகத்துக்கு இரண்டு பேர்தான் தேறியிருந்தார்கள். பேனர் நிரம்ப வேண்டாமா? கீழே ஒரு வரி: 'ஆசிரியர் காங்கின் வழிகாட்டுதலில் யின் ஷுவாங், மருத்துவக் கல்லூரி.'

அக்கா தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். "ஷுவாங், உன் பேரைப் பள்ளிக்கூடத்துப் பேனர்ல போடணுமாம். ஓடிபி உன்கிட்டதான் கேட்கணும். படிக்கச் சொல்றேன், கேளு."

கிளார்க் நெளிந்துகொண்டே படித்தான்.

"குடுக்க மாட்டேன் அத்தை" என்றது போன். பின்னால் கோழி கத்தியது. அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

"கேட்டீங்கல்ல?" என்றாள் அக்கா. "அந்த ஒரு வரியை எடுத்துட்டா இப்பவே அடிச்சுத் தரேன்."

அவன் தாளைப் பிடுங்கிக்கொண்டு போனான். பேனரைப் பக்கத்து நகரத்தில் அடித்து, நாலு நாளில் வாசலில் கட்டினார்கள், அந்த வரியோடுதான். பள்ளி வினாத்தாள் வேலை முழுவதும் அக்காவிடமிருந்து போய்விட்டது. அவள் வருமானத்தில் பாதி அது. கடையைத் திறந்தால் எதிரே அந்தச் சிவப்புத் துணி, காற்றில் அடித்துக்கொண்டு கிடக்கும். நான் என் கடைவாசலில் அந்தப் பக்கம் பார்த்து உட்காருவதையே விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் யின் ஷுவாங் கல்லூரிக்குக் கிளம்பினாள். மத்தியானப் பேருந்து. பெட்டியோடு என் கடைக்கு வந்து, இரண்டு கரண்டி மிளகாய் போட்டு நூடுல்ஸ் தின்றாள். வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் எதிரே பார்த்தாள். அப்புறம் அக்கா கடைக்குள் தலையை நீட்டினாள்.

"அத்தை, பேனர் வெட்டற கத்தி குடுங்க. லுவோ அத்தை, உங்க ஸ்டூல்."

அக்கா கத்தியைக் கொடுத்தாள். நான் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தேன், அக்கா அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசல் காவல்காரர் எங்களைப் பார்த்தார், தேநீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். யின் ஷுவாங் மேலே ஏறி, தன் பெயரைச் சுற்றி நாலு பக்கமும் வெட்டினாள். அவசரமே இல்லை, ஒரு நூல்கூடப் பிரியவில்லை. வெட்டிய துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இது என்னோடது" என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்குப் போனாள்.

பள்ளிக்காரர்கள் அதைக் கழற்றவில்லை. கழற்றினால் மற்ற இரண்டு பெயரும் போய்விடுமே. செப்டம்பர் முழுக்க அந்தப் பேனர் அப்படியே தொங்கியது. 'ஆசிரியர் காங்கின் வழிகாட்டுதலில்' என்று இருக்கும், அடுத்து ஒரு ஓட்டை, அதற்கு அடுத்து 'மருத்துவக் கல்லூரி'. புதிதாகப் பிள்ளைகளைச் சேர்க்க வந்த அப்பா அம்மாக்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டு, யாருடைய பெயர் அது, ஏன் வெட்டியிருக்கிறது என்று எதிர்க்கடையில் வந்து விசாரித்தார்கள். தெங் அக்கா ஒவ்வொருவருக்கும் ஆதியிலிருந்து சொன்னாள், ரேகைத் தாளைக் காட்டிச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, நவம்பரில் பதிவு செய்யும்போது யார் நம்பரைப் போடுவீர்கள் என்று கேட்டு, பதில் வாங்கிக்கொண்டுதான் விட்டாள். அதைத்தான் இந்தத் தெருவில் வாய் நீளம் என்கிறார்கள்.